வெயிலக்கா அடித்த டிக்

எங்கள் தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் வெயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டைகளைச் சோதிப்பது எங்கள் வேலை. நாங்கள் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்ப்போம். அவள் மட்டும் ஒவ்வொரு சட்டைக்கட்டையும் ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். "டியூப்லைட்ல எல்லா நீலமும் ஒண்ணாத்தான்டி தெரியும்" என்பாள்.

சோதனைச் சீட்டில் இரண்டு கட்டங்கள். ஒன்று ஓகே, இன்னொன்று டிஃபரன்ட். கல்லூரியில் படிக்கும் தன் மகளிடம் கேட்டுவந்து வெயிலக்கா ஒருநாள் எனக்குச் சொன்னாள். "டிஃபரன்ட்னா வித்தியாசமாம். லத்தீன்ல இருந்து வந்த வார்த்தை. தனித்தனியா பிரிச்சுச் சுமந்துட்டுப் போறதுதான் அதோட மூலமாம். நாள் பூரா நான் அதத்தானே செய்யறேன்! எனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இல்ல?" இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வாரமே ஒரு நீலச் சட்டை லாட் வந்தது. தைத்தவர்கள் துண்டுகளில் ஒட்டிய நம்பர் ஸ்டிக்கர்களை மொத்தமாகப் பிய்த்துப் போட்டுவிட்டு, கைக்கு வந்ததை எடுத்துத் தைத்திருந்தார்கள். உடல் ஒரு சுருள் துணி, கை வேறு சுருள்; இரண்டின் நீலமும் லேசாக வேறு. வெயிலக்கா டிஃபரன்ட்டில் டிக் அடித்தாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "நாலு மணிக்கு லாரி. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்தாலும் எனக்குத் தெரியல, உனக்கு மட்டும் எங்கேருந்து தெரியுது?"

"ஜன்னலுக்கு வாங்க சார், தெரியும்."

"நீ சட்டையப் பாக்கவா அங்க போற? ரோட்டைப் பாக்கப் போற!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. அவர் சீட்டைக் கிழித்தார். புதுச் சீட்டை என் முன்னால் வைத்தார். "நீ போடும்மா. வாயில்லாத பிள்ளை நீ." ஓகே என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நிறம் ஒட்டவில்லை என்று இரண்டு மாதத்தில் சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. மேனேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். "இவ அன்னிக்கு வேலையே பாக்கல சார். ஜன்னல்ல வேடிக்கை. வேற வழியில்லாம இந்தப் பொண்ணைப் பாக்கச் சொன்னேன்" என்றார் சூப்பர்வைசர்.

"நான் டிக் அடிச்ச சீட்டைக் கிழிச்சாரு சார். பக்கத்துலதான் இருந்தா, இவளையே கேளுங்க" என்றாள் வெயிலக்கா.

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

மதியமே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பையை எடுக்க வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நீ ஏழாவதோட படிப்ப நிறுத்தினவள்னு சொல்லவே முடியாதுடி" என்றாள். "அந்த ஓகே சீட்டுல உன் கையெழுத்து அவ்வளவு அழகு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.