குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை

எங்கள் ஊர் ஏரிக்கரை மரங்களைச் செங்கல் சூளைக்கு வெட்டி அனுப்பியவர்களில் என் நைனாவும் ஒருவர். அதைக் கேலி செய்து நாடகம் போட்டவன் அவர் பெற்ற பிள்ளை, என் அண்ணன். வேறு எந்த வீட்டில் இந்தக் கூத்து நடக்கும்?

உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், மரம் நடுகிற விழா என்று பிளாக் ஆபீசிலிருந்து வந்து சொன்னார்கள். அண்ணனுக்குக் கை கால் நிற்கவில்லை. மரத்தை விற்ற பண்ணையார், கிணறு வற்றியதும் காலனிக் கிணற்றில் போய்க் கையேந்துகிற கதையை எழுதினான். அவனே பண்ணையார். தண்ணீர் ஊற்றும் பெண்ணாகச் சேலை கட்டியவன் அவனோடு படித்த காலனிக்காரன். எங்கள் தெருவில் காலனி ஆட்கள் தாகமென்று வந்தால் சொம்பை உயரத் தூக்கி அவர்கள் கையில் ஊற்றுவோம். சொம்பு அவர்கள்மேல் படக்கூடாது. நாடகத்தில் அது தலைகீழ். ஒத்திகையிலேயே சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

ஊர்ப் பெரியவர்கள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். "நடிச்சிக்கினு போங்க. கொடம் மட்டும் காலியா இருக்கணும்." அண்ணனும் தலையாட்டினான்.

பள்ளிக்கூட மைதானம், சித்திரை வெயில், பட்டப்பகல். அண்ணன் வயிற்றில் வைக்கோல் கட்டி, மேலே கம்பளிக் கோட்டு மாட்டி, முகமெல்லாம் பவுடர் அப்பியிருந்தான். பண்ணையார் என்றால் சிவப்பாக இருக்க வேண்டுமாம். எங்கள் நைனாவோ கரிக்கட்டை. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நைனாவும் முன்வரிசை நாற்காலியில் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

காலிக் குடம் இடுப்பில் நிற்காமல் வழுக்கியதால், சேலை கட்டியவன் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டான். அவன் குடத்தைச் சரித்ததும் நிஜத் தண்ணீர் கொட்டியது. அண்ணன் திகைத்தான். பிறகு இரண்டு கையையும் குவித்து மடக் மடக்கென்று குடித்தான். பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது. பின்னால் சிரிப்பு அடங்கவில்லை, முன்வரிசை கப்சிப். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீரை வழியவிட்டேன், வாயில் படவில்லை, குடிப்பதுபோல் நடித்தேன் என்று அண்ணன் கோயில் வாசலில் சொன்னால் போதும். இல்லையென்றால் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டுக்கு ஊரில் யாரும் நல்லது கெட்டதுக்கு வரமாட்டார்கள். பச்சைப் பொய், ஆனால் ஊரே நம்பத் தயாராக இருந்தது.

அம்மா அவன் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினாள். "சொல்லிடுடா கண்ணு. வாய்ல இருக்கிற முத்தா கொட்டிடப் போவுது?"

"தாகமா இருந்திச்சி, குடிச்சேம்மா. இல்லன்னு சொல்லிட்டு, ஊத்துனவன் மூஞ்சில எப்பிடி முயிக்கிறது?"

நைனா அவனைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் சொன்னார்: "அவனுக்குக் கொல்லையில போடு."

கொல்லையில்தான் எங்கள் பண்ணையாட்களுக்குச் சாப்பாடு, அலுமினியத் தட்டில். தின்றவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அண்ணன் அதையும் வேடிக்கையாக்கப் பார்த்தான். துண்டை இடுப்பில் கட்டிக் கூனிக்கொண்டு, "அம்மா, கஞ்சி ஊத்துங்கம்மா" என்று நாடகக் குரலில் கையேந்தினான். அம்மா கரண்டியும் கையுமாக ஓவென்று அழுதாள். அவன் முகம் செத்துப்போயிற்று. சாப்பிட்டான், தட்டைக் கழுவிக் கவிழ்த்தான், காஞ்சிபுரம் பஸ் ஏறினான். திரும்பி வரவே இல்லை.

பாவி, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவன்மேல் எனக்கு ஆத்திரம். ஒரு கை தண்ணீருக்காகப் பிள்ளையைத் தொலைத்தாரே நைனா, அவர்மேல் அதைவிட ஆத்திரம். இன்றைக்கும் அது தீரவில்லை.

அவன் பஸ் ஏறிய அன்று மத்தியானம் நைனா குளித்துவிட்டு வந்து மணையில் உட்கார்ந்தார். "புள்ள துன்னானா?" என்று கேட்டார். அம்மா இலை போட்டுப் பரிமாறினாள். பிறகு கொல்லைக்குப் போய், அந்தத் தட்டை நிமிர்த்தி, தனக்குச் சோறு போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். சாகிற வரைக்கும் அங்கேதான் சாப்பிட்டாள். உள்ளே வா என்று நைனா எத்தனையோ தடவை கூப்பிட்டார்.

"எம் புள்ளைய மொதல்ல கூப்புடு" என்பாள்.

அதை மட்டும் அவர் செய்யவில்லை.