மருந்து படாத பொட்டு

வாரம் ஆறு நாள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஃபைல்களோடு மல்லாடிவிட்டு, மாதத்தின் முதல் ஞாயிறன்று கடலூருக்குப் பஸ் ஏறுவேன். அங்கே என் தோழி ஒருத்தி, வீட்டின் பின்கட்டில் கைவிடப்பட்ட பூனைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். முப்பதுக்குக் குறையாது. அத்தனைக்கும் பிடரியில் தெள்ளுப்பூச்சி மருந்து விட வேண்டும். நாக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான். ஒரு பூனையை விட்டுவிட்டாலும் அதிலிருந்து தெள்ளு மறுபடி எல்லாவற்றுக்கும் ஏறிவிடும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பவர்களை ஒருநாள் அங்கே கூட்டிப்போக வேண்டும். மணியாவது ஒரு தடவை கட்டினால் போதும்.

ஞாயிறு காலையில் அவள் சர்ச்சுக்குப் போய்விடுவாள். எதற்கு விட்டாயிற்று, எதற்கு இல்லை என்று திரும்பி வந்ததும் தெரிய வேண்டுமே. அதற்காகத்தான் மஞ்சள் பொட்டு. மருந்து விட்ட பூனைக்கு நெற்றியில், குழைத்த மஞ்சளில் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். "எனக்கு இல்லாத பொட்டு என் பூனைங்களுக்கெல்லாம் இருக்குக்கா" என்று சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. பாதி வழி, ஆலப்பாக்கம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மற்ற எல்லாவற்றையும் முடித்தபோது கையெல்லாம் கீறல், இடுப்பு விட்டுப்போயிருந்தது. மிச்சம் ஒரு சாம்பல் பூனை. ஈன்ற குட்டிகளைப் பறிகொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து சீறியது. எட்டிப் பிடித்து மருந்தைப் பீய்ச்சினேன், அது திமிறியதில் அவ்வளவும் மூட்டைமேல் சிந்தியது. இன்னொரு டியூப் உள்ளே பிரிட்ஜின் மேல் இருந்தது. எழுந்து போக உடம்பு வணங்கவில்லை. பொட்டு இல்லையென்றால் அவள் கேட்பாள், மறுபடி பிடிக்க வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று, மஞ்சள் விரலை மட்டும் அதன் நெற்றியில் ஒற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் யாரோ அவள் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள். அந்த வயதில் குட்டிகளுக்கு மருந்து விடக்கூடாது. பால் கொடுக்கிற பூனை சுத்தமாக இருந்தால்தான் அவை தப்பும். சாம்பல் பூனைக்குப் பால் கட்டியிருந்தது, நெற்றியில் பொட்டும் இருந்தது. அவள் நிம்மதியாகக் குட்டிகளை அதனிடம் விட்டாள்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தாள். ஒரு குட்டி செத்துவிட்டதாம். மற்ற இரண்டுக்கும் ஈறு வெளுத்துக் கிடக்கிறதாம், தெள்ளு ரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். மருந்து போலியாக இருக்குமோ, கடையை மாற்றிவிடலாமா என்று என்னையே கேட்டாள். ஆமாம் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

"அதுக்கு நான் மருந்தே வுடல. பொட்டு மட்டும்தான் வச்சேன்" என்றேன்.

"நான் பொட்டத்தானக்கா பாத்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு குட்டிகளையும் சீப்பால் வாரி வாரி அவளே தேற்றிவிட்டாள். நான் இன்னும் போகிறேன். அதே பஸ், அதே அசதி. பொட்டும் வைக்கிறேன். சர்ச்சிலிருந்து வந்ததும் அவள் புடவையைக்கூட மாற்றாமல் ஒவ்வொரு பூனையாகத் தூக்கி, பிடரி மயிரை விலக்கி, ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறாள். அவள் முடிக்கும்வரை நான் கொல்லையில் மஞ்சள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருப்பேன்.