என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த ஹெட்போன்

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு சைக்கிள்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலக்கரைக் கடைத்தெருவில் நாங்கள் இருவரும் நடந்துபோய்க்கொண்டிருந்தோம். பின்னால் விடாமல் மணியடித்துக்கொண்டு சைக்கிள் வந்தது. நான் ஒதுங்கினேன், அவர் ஒதுங்கவில்லை. சைக்கிள் அவர் தோளை உரசிக்கொண்டு போய், கத்தரிக்காய்க் கூடையோடு சரிந்தது.

"எவ்வளவு நேரமா பெல் அடிக்கிறேன், காது என்ன செவிடா?" என்று அவன் கத்தினான்.

அவர் என்னைப் பார்த்து, "பெல்லா அடிச்சான்?" என்று கேட்டார்.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. ஊருக்கு வெளியே ஒரு தனியார் பட்டறையில் வேலை பார்த்தார். பெரிய பெரிய இரும்புத் தொட்டிகளும் கொதிகலன்களும் செய்கிற இடம். தகடுகளைச் சேர்க்க வெளியிலிருந்து ஒருவர் ஆணியைச் சம்மட்டியால் அடிப்பார். தொட்டிக்குள்ளே குந்தியிருந்து இன்னொருவர் ஆணியின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பதினைந்து வருடமாக இவர்தான் உள்ளே இருந்தவர். ஆரம்பத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்ததும் அதையும் விட்டுவிட்டார்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சு என்றால் அது எங்கள் இருவருக்குள் மட்டும்தான்.

டாக்டர் ஒரு உலோகக் கவையைத் தட்டித் தட்டி அவர் காதருகே வைத்துப் பார்த்தார். பிறகு அவரை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார். "நரம்பு தேஞ்சு போச்சும்மா. இதுக்கு மருந்து கிடையாது. காதுல மாட்டற மெஷின் வெளிநாட்டுல இருந்து வருது. வேணும்னா எழுதிப் போடலாம்."

வெளியே வந்ததும் இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சட்டையில ஒரு பெட்டியைத் தொங்கவிட்டுக்கிட்டு, ஊரெல்லாம் செவிடன்னு காட்டிக்கிட்டு அலைய என்னால ஆகாது."

அதற்குமேல் நான் அவரை வற்புறுத்தவில்லை. ஆனால் ரேடியோ விஷயத்தில் சும்மா இருக்க முடியவில்லை. எங்களிடம் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. கல்யாணமான புதிதில் என்னைக் கச்சேரிகளுக்குக் கூட்டிப்போன மனிதர் அவர். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, ரேடியோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டால் இரவுச் சாப்பாடுவரை எழுந்திருக்க மாட்டார். இப்போது வழக்கமாக வைக்கும் சத்தம் அவருக்குப் போதவில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனங்கள் இருந்த வீடு அது. "டீச்சர், கொஞ்சம் குறைச்சு வைங்களேன், பாப்பா தூங்குது" என்று அடுத்த வீட்டம்மா வந்து நிற்பார். நான் குறைப்பேன். இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அது எனக்குச் சகிக்கவில்லை.

பாலக்கரையிலேயே ஒரு பாய் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஹெட்போன் போட்டுடலாம், தங்கச்சி. வெளிய ஒரு பொட்டுச் சத்தம் வராது. அவரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, காதுல வச்சுப் பாத்து எடுத்துக்கட்டும்" என்றார்.

சங்கீதம் கேட்கத்தானே என்று சொன்னதும் இவரும் மறுக்காமல் வந்தார்.

பாய் மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்று சண்டைக்காலத்துப் பட்டாளச் சாமான். இரும்புப் பட்டையும் கருப்புக் கிண்ணங்களுமாக, தலையை நண்டு மாதிரி கவ்விக்கொள்ளும். இன்னொன்று டெலிபோன் ஆபீசில் பெண்கள் மாட்டிக்கொள்வது போல ஒற்றைக் காதுக்கு மட்டும் வருவது. மூன்றாவது சீமையிலிருந்து வந்தது. காதைச் சுற்றி மெத்தென்று ரப்பர், எடையே தெரியாது. நானும் வைத்துப் பார்த்தேன். யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தந்தியில் விரல் இழைகிற சத்தம்கூடக் கேட்டது. இதை அவர் கேட்கவேண்டுமே என்று மனது அடித்துக்கொண்டது.

அவர் ஒவ்வொன்றாக மாட்டினார். முதலாவதற்கு "நல்லா இருக்கு" என்றார். இரண்டாவதற்கும் "நல்லா இருக்கு." மூன்றாவதற்கும் அதே தலையாட்டல். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்குச் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று இருந்தது.

பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. மைக் ஒன்றைச் செருகி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. மாம்பழம்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை அன்று பிள்ளைகள் பார்க்கிற பார்வை அது. நான் என்னை அறியாமல் உதட்டை அசைத்தேன்.

"மாம்பழம்" என்றார் அவர்.

"தாமரை" என்றார் பாய். நான் மறுபடியும் உதட்டை அசைத்தேன். "தாமரை."

பாய் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மைக்கைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என் வகுப்பில் காப்பியடிக்கும் பெண்களைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்துகிறவள் நான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது பட்டாளத்து ஹெட்போனை. "இதுதான் கெட்டியாப் பிடிக்குது" என்றார்.

"அண்ணே, அது வெறும் சத்தம். இதுதான் சங்கீதம்" என்று பாய் சீமைச் சாமானைத் தூக்கிக் காட்டினார். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார்.

ரேடியோவில் நேராக மாட்டினால் அவருக்குப் போதவில்லை. நடுவில் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருந்தது. பாய் இரண்டு விதம் சொன்னார். கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குப் போடுவது மாதிரி முரட்டுத்தனமாக ஒன்று. சத்தம் குறைவானாலும் இரைச்சல் இல்லாமல், கனத்த சத்தத்துக்கு ஒரு திருகும் கீச்சென்ற மெல்லிய சத்தத்துக்கு ஒரு திருகும் வைத்து இன்னொன்று. நான் இரண்டாவதைச் செய்யச் சொன்னேன். இரண்டு வாரம் உட்கார்ந்து செய்து, தகரப் பெட்டியில் அடைத்துத் தாமே எடுத்துவந்து வைத்தார். வால்வுகள் சூடாகிச் சிவக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் நாங்கள் மூவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிருதங்கம் கேட்டது. அவர் முகம் மலர்ந்து, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். நானும் பாயும் சிரித்துக்கொண்டோம். பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, "பாடினது யாரு, ஆம்பளையா பொம்பளையா?" என்றார்.

பாய் மெல்லிய சத்தத்துக்கான திருகைக் கடைசிவரை திருப்பிப் பார்த்தார். இவர் முகத்தைச் சுளித்தார். "குத்துது" என்றார். குறைத்தால் கேட்கவில்லை, கூட்டினால் குத்துகிறது. நடுவில் இடமே இல்லை.

போகும்முன் பாய் ஒரு யோசனை சொன்னார். "ரேடியோவை விடுங்க. மைக்கை இதுல மாட்டித் தரேன். நீங்க பேசினா அவருக்குக் கேக்கும்ல?"

மாட்டினார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டதும் எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு முன் ஐந்து மணி நேரம் பேசுகிறவள். கடைசியில், "என்னங்க, காப்பி போடட்டுமா?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார். "இன்னொரு தரம் சொல்லு." சொன்னேன். "கிணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு. ஆனா நீதான்னு தெரியல" என்றார்.

பாய் வாசல்வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "சத்தத்தை எவ்வளவு வேணா பெருசாக்கித் தந்துடுவேன், தங்கச்சி. அதுக்குள்ள இருக்கற எழுத்தைத் தெளிவாக்க எனக்கு வழி தெரியல. மன்னிச்சுக்கங்க." அவர் மேல் என்ன தப்பு?

பிறகு பட்டறையில் என் வீட்டுக்காரரை ஸ்டோர் வேலைக்கு மாற்றினார்கள். அது நடந்தபோது காதில் மிச்சம் இருந்ததும் பாதி போயிருந்தது. தினமும் சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிருதங்கத்தையும் தவிலையும் மட்டும் கேட்டுவந்தார். வருடங்கள் இப்படியே போயின.

அறுபதுகளில் டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வந்தன. தோல் உறை போட்டது, தோளில் மாட்டிக்கொள்ளலாம். கூடவே காதில் செருகிக்கொள்ள ஒரு சின்னக் குமிழ். வெளியில் போகும்போதும் கேட்கலாமே என்று அவருக்காக ஒன்று வாங்கினேன். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு வாரத்துக்குள் அது இல்லாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை என்றாகிவிட்டது. கடைக்கு, சலூனுக்கு, வேலைக்கு எங்கே போனாலும் தோளில் ரேடியோ, காதில் குமிழ். பெரிய பெட்டியால் ஆகாதது இந்தச் சின்னதில் ஆகிவிட்டதே என்று நான் பூரித்துப்போனேன். பாயிடம்கூடப் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியமாக, "அப்படியா? அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

பொங்கல் முடிந்த ஒரு நாள், ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். இருவர் உட்காரும் சீட்டு ஒன்று கிடைத்தது. பக்கத்தில் நின்றவர் குனிந்து இவரிடம், "சார், ஸ்கோர் என்ன?" என்றார். அன்றைக்கு டெஸ்ட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. இவர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை குரல் உயர்ந்துவிட்டது.

"ரேடியோ வச்சிருந்தாப் பெரிய மனுஷனா? ஒரு வார்த்தை சொன்னாக் கொறைஞ்சா போயிடுவீங்க?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இருங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்று அவர் காதிலிருந்து குமிழை எடுத்து என் காதில் வைத்துக்கொண்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. திருகைத் திருப்பினேன். இரைச்சல்கூட இல்லை. ரேடியோவைக் கையில் தூக்கியதும் எடையில் தெரிந்துவிட்டது. உள்ளே பேட்டரியே இல்லை.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அந்த ஆள் காத்துக்கொண்டு நின்றார்.

"நூத்தி எண்பது. நாலு விக்கெட்" என்றேன்.

அந்த ஆள் அதை டிரைவர்வரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "நாலா? காலையிலே மூணுதானே? யாரு அவுட்டு?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். "சரியாக் கேக்கலைங்க" என்றேன். பாலம் முடிகிறவரை பஸ்ஸில் எல்லோரும் நான் சொன்ன ஸ்கோரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம். அவரை ஓரமாக நிறுத்தி, முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகக் கேட்டேன். "பேட்டரியை எப்ப எடுத்தீங்க?"

"வாங்கின மூணாம் நாளே. காதுக்குள்ள எறும்பு ஓடற மாதிரி இருந்துச்சு, வேற ஒண்ணும் தெரியல."

"அப்புறம் எதுக்கு மாட்டிக்கிறீங்க?"

அவர் ரேடியோவின் தோல் வாரைச் சரிசெய்துகொண்டார். "இது காதுல இருந்தா எவனும் செவிடன்னு சொல்றதில்ல. பாட்டுக் கேக்கறான்னு விட்டுடறான். அந்த ஆள் என்ன கேட்டான்?"

"மேட்ச் ஸ்கோர்."

"நீ என்ன சொன்னே?"

"வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள்தான் அவருக்குத் தெரியாமல் புதுப் பேட்டரி வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன்.

அன்று பார்த்த வீட்டையே பிடித்துக் குடிபோனோம். ரேடியோவோடுதான் அவர் தினமும் வெளியே போனார். நானும் தடுக்கவில்லை, பேட்டரி என்ற பேச்சையும் எடுக்கவில்லை. ஒரு நாள் பாய் செய்துதந்த ஆம்ப்ளிஃபயரில் வால்வு போயிற்று. மாற்றலாமா என்று கேட்டேன். "மிருதங்கமும் இப்ப முன்ன மாதிரி இல்ல, விடு" என்றார்.

பழக்கதோஷத்தில் நான் இன்னும் அடுப்படியிலிருந்தே அவரிடம் பேசிவிடுகிறேன். எதிர்வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் இப்படிச் சொன்னாள் என்று ஏதாவது. பதில் வராதபோதுதான் நினைவு வரும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பேன். என் உதட்டைப் பார்த்து, "என்ன?" என்பார். அதற்குள் அந்த விஷயம், நேருக்கு நேர் நின்று நிறுத்தி நிறுத்திச் சொல்லும் அளவுக்குப் பெரிதாகத் தோன்றாது.

"ஒண்ணுமில்லீங்க" என்பேன்.

"பரவாயில்ல, சொல்லு" என்று நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொள்வார்.