பின்னால் திரும்பி உட்கார்ந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை, பள்ளுருத்தியில் நான் நடத்தும் டியூஷனில் ஒரு சிறுமி கணக்கைப் போட்டு முடித்ததும் சிலேட்டை இடது கையால் மூடிக்கொண்டாள். பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்துவிடக் கூடாதாம். நானும் அப்படி மூடி மூடிப் படித்தவள்தான். ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் சட்டென்று மதினி ஞாபகம் வந்தது. கூடவே ஒரு யோசனையும்.

மதினி என் அத்தை மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். மாமாவுக்கு ஜூ டவுனில் மிளகு மூட்டை சுமக்கும் வேலை கிடைத்ததால், எழுபதுகளின் கடைசியில், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாங்கள் இருந்த கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தாள். எங்கள் பள்ளியில் பாடத்துக்கு ஒரு டீச்சர், கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய ஆய்வகம். அவள் பள்ளியிலோ எட்டு வகுப்புக்கும் சேர்த்து இரண்டே வாத்தியார்கள். அதனால் அங்கே ஒரு சட்டம்: கணக்கை முடித்தவர் பின்னால் திரும்பி உட்கார்ந்து, முடிக்காதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசிப் பிள்ளை முடித்தால்தான் கணக்கு முடிந்ததாக அர்த்தம்.

கிராமத்துச் சர்டிபிகேட்டை எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் நம்பவில்லை. ஓணத்துக்கு முன் வரும் காலாண்டுப் பரீட்சையைத் தமிழ் டிவிஷனில் எங்களோடு எழுதட்டும், தேறினால் எட்டாம் வகுப்பு, இல்லையென்றால் ஆறாம் வகுப்பு என்றார். மாமா இன்னும் ஒரு படி கீழே போனார். "ஆறாங் கிளாஸா? அதுக்கு எறா உரிக்கப் போகட்டும்." இறால் உரிக்கும் ஷெட்டுகளில் அப்போது எங்கள் வயதுப் பெண்கள் நிறையவே இருந்தார்கள்.

கணக்குப் பரீட்சையன்று தொட்டியும் குழாயும் கணக்கில் நான் முழித்துக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சிலிருந்த மதினி பேனாவை மூடினாள். காலைத் தூக்கிப் பின்பக்கம் போட்டு, என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ரெண்டாவது குழாய் தண்ணிய வெளிய விடுதுல்லா? அதப் போயி கூட்டுதியே, கழி!"

வகுப்பு முழுவதும் கேட்கும் குரல். ஒளித்துச் செய்ய வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் பாய்ந்து வந்தார். "எந்தா இது, பரீட்சையோ சந்தையோ?"

"நான் முடிச்சிட்டேன் டீச்சர், இவ இன்னும் முடிக்கலை." அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்பதுபோல் பார்த்தாள். "சேச்சி, அடுத்து எனக்கு!" என்று பின்வரிசையில் யாரோ கத்த, ஒரே சிரிப்பு. டீச்சர் அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆறாம் வகுப்பு என்று முடிவானது. அன்று சாயங்காலம் மாமா சாயாவைக்கூடத் தொடாமல் ஷெட்டைப் பற்றியே பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மதினி சொன்னாள்: "சின்னப் பிள்ளையளோட உட்கார எனக்கென்னப்பா வெக்கம்? பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்தாப் போதும்." மறுநாள் அவளைப் பள்ளி வாசல்வரை கொண்டுவிட்டது மாமாதான்.

உயரமாக இருந்ததால் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரே வாரம், தாளைப் பிடுங்கிய அதே டீச்சரிடம் போய் நின்றாள். "முன்னால இடம் கொடுங்க டீச்சர். பின்னால திரும்புனா சுவருல்லா இருக்கு." டீச்சர் முதல் பெஞ்சைக் காட்டினாராம்.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால், அத்தனை பின்மண்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு முகம் தெரியும். பரீட்சை நாளில் மட்டும் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு முன்பக்கமே பார்த்திருப்பாள். எங்கள் பள்ளி அவளுக்குக் கற்பித்ததிலேயே கஷ்டமான பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம்தான் நான் டிகிரி முடித்தேன். இழந்த இரண்டு வருஷத்தோடு மதினி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள், அதைப்பற்றி ஒரு புலம்பலும் இல்லாமல். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிலேட்டை மூடிய அந்தச் சிறுமியை முன்வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன். முடித்ததும் பின்னால் திரும்பச் சொல்வேன். திரும்புவாளா, தெரியாது. முதல் வாரத்துக்கு, சிலேட்டிலிருந்து கையை எடுத்தாலே போதும்.