பெயருக்கு முன்னால் ஒரு சுழி

கணினியில் எழுத்துகளைத் தேடவும் வெட்டவும் வரிசைப்படுத்தவும் நிரல் எழுதுவது என் தொழில். அதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

எல்லாரும் ஒரே இடத்தில்

ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டி அண்ணாச்சி. மூட்டைகளில் ஒட்ட, கடைப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி லேபிள் அச்சடிக்கும் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஓணத்துக்கு அரிசி ஏற்றிப்போகும் லாரி வெள்ளிக்கிழமை காலை கிளம்பியாக வேண்டும். லேபிள் இல்லாவிட்டால் எந்த மூட்டை எந்தக் கடைக்கு என்று இறக்குகிறவருக்குத் தெரியாது.

முந்நூறு பெயர்களை அண்ணாச்சியே தட்டினார். புதன்கிழமை 'முருகன் ஸ்டோர்' என்று தேடினால் இல்லை. 'ம'வில் யாருமே இல்லை. எல்லாக் கடைகளும் 'உ'வில் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு 'உ' ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளையார் சுழி போடாம ஒரு பேரை எப்படித் தம்பி எழுதுறது?"

கத்தரி

முதல் எழுத்து 'உ' என்றால் வெட்டிவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். முருகன் வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை மாதிரி லேபிளில் தம்பானூர்க் கடைக்காரர் உலகநாதன், லகநாதன் ஆகியிருந்தார். அவருக்கு மட்டும் சுழி போடவில்லையா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"பேரிலேயே சுழி இருக்குல்லா, பிறகு தனியா எதுக்குவே?"

பிந்து சொன்னது

எது சுழி, எது பெயர் என்று தானே கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுத உட்கார்ந்தேன். ஐம்பது வரி தாண்டியது. பக்கத்து மேசை மலையாளப் பெண் பிந்து எட்டிப் பார்த்து, சுழியை விட்டுவிட்டால் நிஜமாகவே 'உ'வில் தொடங்கும் கடைகள் மொத்தம் எத்தனை என்று கேட்டாள். நான் எண்ணியிருக்கவில்லை. அவள் எண்ணினாள்.

"நாலே நாலல்லே உள்ளது சாரே? கையால திருத்தினாப் போதுமல்லே?"

லாரி நிற்கிறது

வெள்ளிக்கிழமை காலை, லேபிள்கள் பிழையில்லாமல் வந்தன. லாரிக்காரர் இன்ஜினை உறுமவிட்டுக் காத்திருந்தார். அண்ணாச்சி ஒரு லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். சுழி இல்லாத மூட்டை தன் மண்டியிலிருந்து ஓணத்துக்குப் போகாது என்றார்.

அங்கேயே சாக்குமேல் மடிக்கணினியை வைத்து, லேபிளின் உச்சியில், பெயரைத் தொடாமல், நிரலே ஒரு 'உ' அச்சடிக்கும்படி செய்தேன். அதற்கும் ஒரே வரிதான். முதல் லேபிளை அண்ணாச்சி கண்ணில் ஒற்றிக்கொண்டு மூட்டையில் ஒட்டினார். கடைசி மூட்டையும் ஏறி, லாரி திரும்பியதும் என்னைப் பார்த்தார்.

"மெஷினே போடும்னா முதல்லயே சொல்லப்பிடாதா? முந்நூறு சுழி தட்டி என் விரலு போச்சே தம்பி."

இப்போதெல்லாம் யாருக்கு நிரல் எழுதினாலும், பெயரைக் கேட்பதற்கு முன் பெயருக்கு முன்னால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.