நடுவில் உட்கார வைத்தோம்

எனக்கு அவசரபுத்தி. இன்றைக்கும் அது போகவில்லை. என் தங்கை புருஷனை அது என்ன செய்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நானும் அவரும் சேர்ந்துதான் கூரை வேலைக்குப் போவோம். எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். சிமெண்ட் சீட்டில் ஏறினால், போல்ட் தெரியும் வரிசையில்தான் கால் வைக்க வேண்டும். அடியில் சட்டம் இருப்பது அங்கேதான். மற்ற இடத்தில் பலகை போட்டு மிதிக்க வேண்டும். எங்களிடம் பலகை இரண்டு உண்டு. அன்று இரண்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில், பாதி வேலையில் நிறுத்திய வீட்டில் கிடந்தன.

“பலகை இல்லாம எப்படி மச்சான்?” என்றார்.

“ஒரு ஓட்டைதான மாப்ள, செத்த நேரத்து வேல. அதுக்குப் போயி பஸ்ஸுல பலகையத் தூக்கிட்டு அலையவா?” என்றேன்.

இராஜபாளையத்தில் ஒரு வீடு. பின்கட்டில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டுவார்கள், எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் அந்தத் தொழில்தான். பழைய சீட்டு, மேலே பாசி, முந்தின நாள் மழை வேறு. மாப்பிள்ளைக்குக் கால் வழுக்கி, சீட்டின் நடுவில் ஊன்றிவிட்டார். சீட்டு அப்பளமாக நொறுங்கியது. ஏணியில் நின்ற நான் இறங்கி உள்ளே ஓடினேன்.

மல்லாக்கக் கிடந்தார். நெற்றியில் ரத்தம். நினைவு இருந்தது. “கால ஆட்டுங்க மாப்ள” என்றேன். இரண்டு பெருவிரலும் அசைந்தன.

“முதுகுதான் வலிக்கு மச்சான். செத்த நேரம் இப்படியே கிடக்கேனே.”

கிடக்க விட்டிருக்கலாம். யார் விட்டது? பேண்டேஜ் ஊர்க்காரர்கள் அல்லவா, ரத்தத்தைக் கண்டால் எங்களுக்குக் கை பரபரக்கும். வீட்டுக்காரர், துணி மடிக்கிறவர்கள், நான் என்று நாலு பேராகத் தூக்கி உட்கார வைத்து, ஒரு கட்டுத் துணியைப் பிரித்துத் தலையில் சுற்று சுற்றென்று சுற்றினோம். ரத்தம் நின்றது. பெரிய கெட்டிக்காரத்தனம்! வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். மாப்பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் ஏறி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரயில்வே கேட்டில் வண்டி தூக்கிப் போட்டது. மாப்பிள்ளை ஒரு சத்தம் போட்டார். அதற்குப் பிறகு வலி என்று சொல்லவே இல்லை. குறைந்துவிட்டது போல என்று நினைத்தேன், மடையன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையைப் பார்க்கும் முன்பே காலில் ஊசியால் குத்தினார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை.

“விழுந்ததும் கால் அசைஞ்சுதா?”

“அசைஞ்சுது.”

“எப்படிக் கொண்டுவந்தீங்க?”

சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. “ஒரு கதவக் கழட்டி, அதுல படுக்க வச்சு, ஆடாமக் கொண்டாந்திருக்கலாமேய்யா” என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவி, அந்த வீட்டில் எத்தனை கதவு!

அதன் பிறகு அவர் நடக்கவில்லை. இப்போது நான் பலகை இல்லாமல் ஏறுவதில்லை. விழுந்தால் படுக்க வைத்துக் கொண்டுபோக வண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்கிறேன். கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துத் தொலையட்டும்.

தங்கை இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: “எங்க அண்ணன் மட்டும் அன்னைக்கு அள்ளிப் போட்டுக் கொண்டுபோகலன்னா, அவியள நான் உசுரோட பாத்திருக்க மாட்டேன்.”

அப்போதெல்லாம் எனக்குத் தலை நிமிராது. கட்டிலில் கிடக்கிற மனுஷன் அவளிடம் சொல்வார், “ஆமா. போ, மச்சானுக்குக் காப்பி போட்டுக் கொண்டா.”