மூன்று முறை புதியவள்

ஒரகடம் பக்கம் எங்கள் சபைக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில், புதியவர்களை வரவேற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நினைப்பு. "முதல்முறையாக வந்திருக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பேன். நெளிந்துகொண்டே எழுவார்கள். கை தட்டிப் பாடுவோம். ஆராதனை முடிந்ததும் நாற்காலி போட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவோம். வல்லம் வடகாலில் கம்பெனிகள் பெருகப் பெருக, எங்கள் டீ கேனும் பெரிதானது.

வருபவர்கள் பெரும்பாலும் தென்மாவட்டத்துப் பெண்கள், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்பவர்கள். நைட் ஷிப்ட் முடித்து, அதே சாம்பல் நிற யூனிபார்மில் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வருவார்கள். பிரசங்கத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நானும் தூங்கியிருக்கிறேன், இரவு முழுக்க வீட்டில் தூங்கிவிட்டு வந்து.

ஒரு ஞாயிறு ஒரு பெண்ணைப் பார்த்து, "நீ புதுசுதானேம்மா, எழுந்திரு" என்றேன். எழுந்தாள். பாடினோம். முடிந்ததும் நாற்காலியில் உட்காராமல் நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இது மூணாவது தடவ. ஷிப்ட் மாறி மாறி வருது, மூணு வாரத்துக்கு ஒருக்காதான் வர முடியுது. ஒவ்வொரு தடவயும் எந்திரிக்கச் சொல்லுதிய. இனிமே ஹாஸ்டல்லயே ஜெபம் பண்ணிக்கிடுதேன்."

சுருக்கென்றது. கொஞ்சம் கோபமும் வந்தது. "இன்னாம்மா பண்ண சொல்ற? மரியாதையாத்தான கவனிச்சிக்கினு கீறோம்?"

"எங்க ஊர்ல அசனத்துக்கு வெங்காயம் உரிக்கக் கூப்பிடுவாவ. இங்க பாட்டுப் பாடி உக்கார வைக்கிய."

அசனம் என்றால் சபையே கூடிச் சமைத்துச் சாப்பிடும் விருந்தாம். நாங்களோ அறுப்பின் பண்டிகைக்குக் கடையில் பிரியாணி சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்கிறவர்கள். இத்தனை பெண்களை பிஸ்கட்டோடு வெளியே அனுப்பியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. "அடுத்த மாசம் பண்டிகை. இந்தத் தபா சமையல் உன் பொறுப்பு, வருவியா?" என்றேன். பையை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் பக்கம் நடந்துவிட்டாள்.

பண்டிகையன்று காலை, வெங்காய மூட்டையோடு நான் தனியாக நின்றேன். பிரியாணிக்கும் சொல்லவில்லை. "சோத்துக்கு இன்னா பண்ணப் போற?" என்று என் மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வராவிட்டால் என் மானம் போவது இருக்கட்டும், அவளே சபையை விட்டுப் போய்விட்டாள் என்றாகிவிடுமே என்றுதான் பயந்தேன்.

கம்பெனி பஸ் வந்து நின்றது. அவளோடு எட்டுப் பேர் இறங்கினார்கள். முகம் கழுவினார்கள், அரிவாள்மணை முன் உட்கார்ந்தார்கள். "நம்ம அடுப்பையே புட்சிக்கினாங்களே" என்று முனகிய எங்கள் சபைப் பெண்கள், பத்து நிமிடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில், செயலாளர் அல்லவா, முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன். குழம்பு வாளியோடு அவள் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இங்க வந்து தண்ணி ஊத்துங்க. வந்தவங்க மொதல்ல சாப்பிடட்டும், நாம பொறவு சாப்பிடுவோம்."

இலையை விட்டுவிட்டுத் தண்ணீர் ஜக்கை எடுத்தேன். கடைசிப் பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது குழம்பு தீர்ந்துபோயிருந்தது. எங்கள் இருவருக்கும் ரசம்தான் கிடைத்தது.